பிடித்த அறிவியல் புனைவு நாவல்களுக்கு நட்சத்திரம் போடுவது, வரிசைப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் வாசிப்புக் குழுவில் இருபத்துச் சொச்சம் பேர். மாதம் ஒரு ஞாயிறு சந்திப்போம். ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் பாதிப் பேர் ஊருக்குப் பறப்பதற்கு முன்னால், அதுவரை படித்த அறிவியல் புனைவு நாவல்களுக்குத் தரவரிசை போடுவோம். கணக்குப் பார்ப்பது என் வேலை. நாலு ஆண்டாக அதே சந்தேகங்கள்தான் வருகின்றன, வாட்ஸ்அப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு, எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே, ஒருமுறை கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும் நேரத்தில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கு நிம்மதி. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

அறிவியல் புனைவுன்னா எது? கதையில சயின்ஸ் வந்தா போதுமா?

போதாது. நாங்கள் வைத்திருக்கும் சோதனை இதுதான்: கதையில் இருக்கும் அறிவியல் கற்பனையை மட்டும் உருவிப் பாருங்கள், மிச்சம் நிற்கிறதா? நின்றால் அது வேறு வகை. சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளில் அறிவியல் தகவல் நிறைய வரும், ஆனால் அதை எடுத்தாலும் கொலையும் வழக்கும் அப்படியே இருக்கும். 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்கிற இயந்திர நாயை எடுத்துவிட்டால் கதையே இல்லை.

எல்லையில் உட்கார்ந்திருக்கும் புத்தகங்கள் உண்டு. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' நாவலில் வருங்காலத்தைப் பார்க்கிறவன் வருகிறான், ராஜ வம்சப் பகை வருகிறது, இது புராணம்தானே என்று ஒருவர் கேட்டார். பாலைவனக் கிரகத்தில் தண்ணீர், புழு, மசாலாப் பொருள் மூன்றும் ஒன்றை ஒன்று எப்படித் தாங்குகின்றன என்பதில்தான் அந்த நாவலே நிற்கிறது என்று சொல்லி, இரண்டு மணி நேர வாதத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்டோம். சிறுகதைத் தொகுப்பு சேராது. அதனால் ஜெயமோகனின் 'விசும்பு' வெளியே நிற்கிறது, எனக்கு அதில் வருத்தம்தான். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' மட்டும் என்னவாம், 1951இல் நூலாக வந்தபோது அதுவும் ஐந்து கதைகளைக் கோத்ததுதானே, நாலு ஏற்கெனவே பத்திரிகையில் வந்தவை என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நியாயமான கேள்வி. ஒரே கதையாக முன்னே நகர்கிறது, சேரும் என்று தீர்ப்பு.

நான் மொத்தமே ஆறு புத்தகம்தான் படிச்சிருக்கேன். நானும் போடலாமா?

தாராளமாக. ஆறு புத்தகத்தை வரிசைப்படுத்தினால் அதற்குள்ளேயே பதினைந்து ஒப்பீடுகள் இருக்கின்றன, எனக்கு வேண்டியது அவைதான் (ஏன் என்று குழுக் கணக்கைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்). இரண்டே புத்தகம் படித்திருந்தாலும் ஒரு ஒப்பீடு கிடைக்கும். ஒன்றே ஒன்று என்றால் நட்சத்திரம் மட்டும் போடுங்கள், அடுத்த ஆண்டுக்குள் இன்னொன்றைப் படித்துவிடலாம்.

மூணு நட்சத்திரம்னா எனக்கு 'நல்லா இருக்கு'. என் வீட்டுக்காரருக்கு மூணுன்னா 'தண்டம்'. யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரி, அதுதான் தொல்லை. புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தால் அர்த்தம் தெரியும்: இரண்டு என்றாலே 'பரவாயில்லை', மூன்று என்றால் 'பிடித்தது', நாலு 'ரொம்பப் பிடித்தது', ஐந்து 'அற்புதம்'. அதாவது ஐந்தில் நாலு படிகள் பாராட்டுக்கே. ஆனால் பரீட்சை மதிப்பெண் பார்த்து வளர்ந்த நமக்கு மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது, அறுபது வாங்கி வந்த பிள்ளைக்கு இந்த ஊரில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, உடனே டியூஷன் வகுப்புதான்.

அதனால் எங்கள் குழுவில் நட்சத்திரங்களுக்கு வேறு மாதிரி அர்த்தம் வைத்திருக்கிறோம். ஐந்து: அடுத்தவர் கையில் திணிப்பேன். நாலு: கேட்டால் பரிந்துரைப்பேன். மூன்று: படித்ததில் நஷ்டமில்லை. இரண்டு: முடித்தேன், அவ்வளவுதான். ஒன்று: வேண்டாம் என்று எச்சரிப்பேன். 'எவ்வளவு நல்ல புத்தகம்' என்று யோசிப்பதைவிட 'இதை வைத்து நான் என்ன செய்வேன்' என்று யோசித்தால் பதில் சட்டென்று வருகிறது.

நட்சத்திரமும் வேணும், வரிசையும் வேணும்னா எப்படி? ஒண்ணு போதாதா?

இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. நட்சத்திரம் உங்களுக்கும் ஒரு புத்தகத்துக்கும் நடுவே உள்ள கணக்கு. வரிசை புத்தகத்துக்கும் புத்தகத்துக்கும் உள்ளது. ஒருவர் பதினொரு நாவலுக்கும் நாலு நட்சத்திரம் போட்டு அனுப்பினார், தாராள மனசு, ஆனால் அதை வைத்துக்கொண்டு எது முன்னே எது பின்னே என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொருவர் வரிசை மட்டும் அனுப்பினார், அதில் முதலில் இருந்த புத்தகத்தை அவருக்குப் பிடிக்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது, மற்றவை இன்னும் மோசமாம்.

படிக்காத புத்தகத்தைக் கடைசியில தள்ளிடலாம்ல?

கூடாது, கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். படிக்காதது என்றால் வெற்றிடம். கடைசி இடம் என்பது 'இதைப் படித்தேன், மற்ற எல்லாம் இதைவிட மேல்' என்று பொருள்படும், நீங்கள் அதைச் சொல்லவில்லை. பத்துப் பேர் படிக்காத ஒரு நாவலைப் பத்துப் பேரும் 'பாவம், தெரியாது' என்று கீழே போட்டால், படித்த மூன்று பேர் உயிரைக் கொடுத்துத் தூக்கினாலும் அது எழுந்திருக்காது. பெரிய பெரிய வாக்கெடுப்புகளில் புகழ்பெற்ற பெயர்களே திரும்பத் திரும்ப மேலே வருவதற்குப் பாதிக் காரணம் அவற்றை எல்லாரும் படித்திருப்பது.

பாதியில் விட்டதைப் பற்றியும் கேட்கிறார்கள். நூறு பக்கம் தாண்டி விட்டிருந்தால் நட்சத்திரம் போடலாம், பக்கத்தில் 'விட்டேன்' என்று எழுதுங்கள். வரிசையில் சேர்க்காதீர்கள். முடிவில் எல்லாவற்றையும் புரட்டிப் போடும் நாவல்கள் இந்த வகையில்தான் அதிகம்.

படம் பாத்தேன், கணக்குல சேருமா?

சேராது. 2021இலும் 2024இலும் 'டூன்' படங்கள் வந்தபோது நாலு புதியவர்கள் குழுவுக்கு வந்தார்கள், சந்தோஷம், இரண்டு பேர் புத்தகத்தையும் படித்தார்கள். படமும் புத்தகமும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு 'சோலாரிஸ்' நல்ல உதாரணம்: ஸ்தனிஸ்லாவ் லெம் போலிஷ் மொழியில் எழுதி 1961இல் வந்த நாவல், தர்க்கோவ்ஸ்கி 1972இல் எடுத்த படம் உலகம் கொண்டாடுவது, ஆனால் எழுதியவருக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை.

முதல் வருஷம் ரெண்டே பேர் படிச்ச புத்தகம் முதல் இடத்துக்கு வந்துச்சே, அது எப்படி?

என் தப்பு. அந்த ஆண்டு வெறும் சராசரி எடுத்தேன். மேலே சொன்ன 'சோலாரிஸ்' நாவலை இரண்டு பேர்தான் படித்திருந்தார்கள், இரண்டு பேருமே ஐந்து போட்டார்கள், சராசரி ஐந்து. பதினெட்டுப் பேர் படித்து 4.3 வாங்கிய நாவல் அதற்குக் கீழே போய்விட்டது. அறிவித்ததும் அறையில் ஒரு சத்தம் வந்ததே, இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு ஒரு வைத்தியம் செய்தோம். ஒவ்வொரு புத்தகத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஐந்து பேர் படித்துவிட்டு, குழுவின் பொதுச் சராசரியான 3.5ஐப் போட்டதாக வைத்துக்கொள்வது. இரண்டு பேர் ஐந்து போட்ட புத்தகம் இப்போது ஏழு பேரின் கணக்கில் 3.93 ஆகிறது. பதினெட்டுப் பேர் 4.3 போட்டது இருபத்து மூன்று பேரின் கணக்கில் 4.13 ஆகி மேலே ஏறுகிறது. குறைவான பேர் சொன்னதைக் கொஞ்சம் தயக்கத்தோடு நம்புவது, நிறையப் பேர் சொன்னதை அப்படியே நம்புவது, அவ்வளவுதான் இதன் தத்துவம். நிறையத் தளங்கள் இதே உத்தியை ஏதாவது ஒரு வடிவில் பயன்படுத்துகின்றன. நாங்கள் அந்த ஐவருக்குப் பேய் வாசகர்கள் என்று பெயர் வைத்தோம், சீனர்களின் பேய் மாதமான ஏழாம் மாதத்தில் வைத்த பெயர்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தப்பான முதலிடத்தைப் பார்த்துதான் ஏழு பேர் 'சோலாரிஸ்' எடுத்துப் படித்தார்கள்.

பதினஞ்சு புத்தகத்தை வரிசைப்படுத்த உக்காந்தா மண்டை காயுது. ஏதாவது சுலப வழி?

மொத்தமாகப் பார்க்காதீர்கள். பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். இரண்டை எடுத்து எது மேலே என்று வையுங்கள். மூன்றாவதை எடுத்து நடுவில் வைத்துப் பாருங்கள், மேலேயா கீழேயா என்று நகர்த்துங்கள். இப்படி ஒவ்வொன்றாக நுழைத்தால் ஒரு நேரத்தில் இரண்டு புத்தகம்தான் உங்கள் கண் முன்னால் இருக்கும். சீட்டாட்டத்தில் கையில் சீட்டு அடுக்குவது மாதிரிதான்.

எதை வைத்து மேலே கீழே என்று முடிவு செய்வது என்றால், நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வீடு மாறுவது. வீவக (அரசாங்க அடுக்குமாடி) மூவறை வீட்டில் ஒரே ஒரு அலமாரி, மனைவி முறைக்கிறார், இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம், எதை வைத்துக்கொள்வேன்? மரியாதைக்காக மேலே வைத்திருந்த இரண்டு மூன்று புத்தகங்கள் இந்தக் கேள்வியில் சரசரவென்று இறங்கிவிடும். முடிவே வரவில்லையென்றால் சமம் என்று போடுங்கள், குற்றமில்லை.

தொடரா வந்தா ஒரே ஓட்டா, தனித்தனியாவா?

தனித்தனி. முதல் பாகம் தங்கமாகவும் நாலாம் பாகம் தகரமாகவும் இருக்கும் தொடர்கள் ஏராளம், மொத்தமாக ஒரே இடம் கொடுத்தால் தகரத்தையும் சேர்த்துத் தலைக்குமேல் தூக்கியதாகிவிடும். 1966இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதுக்காரர்கள் எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொடருக்கென்று ஒரு முறை ஓட்டெடுத்து 'ஃபவுண்டேஷன்' வரிசைக்குக் கொடுத்தார்கள், 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' தோற்றது, அதைப் பற்றி மனிதர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய சண்டை வேண்டாம். 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும் இரண்டு புத்தகம், இரண்டு இடம். இதற்கே ஒரு அண்ணன் இரண்டு மாதம் சந்திப்புக்கு வரவில்லை.

தமிழ்ல படிச்சது, இங்கிலீஷ்ல படிச்சது, மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே பட்டியல்ல வரலாமா?

வரலாம், எந்த மொழியில் படித்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். ஒரே பெயரில் இருந்தாலும் அவை ஒரே புத்தகமாக இருப்பதில்லை. 'சோலாரிஸ்' 1970இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது போலிஷிலிருந்து வரவில்லை, பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு 2011இல்தான் கிடைத்தது. பழைய பதிப்பைப் படித்தவர் 'நடை வறட்சி' என்று ஒரு நட்சத்திரம் குறைத்தால் அது யாருடைய நடை?

இன்னொன்று, லியூ சிசினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்'. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் சீனத்தில் படித்தவர், நான் ஆங்கிலத்தில். கலாசாரப் புரட்சிக் காட்சியில் ஆரம்பிக்கிறதே, அந்த அடி மறக்கவே மறக்காது என்று நான் சொல்ல, அவர் அது நடுவில்தானே வரும் என்கிறார். ஐந்து நிமிடம் இருவரும் மற்றவரைப் பைத்தியம் என்று நினைத்தோம். 2008இல் வந்த சீன நூலில் அந்தப் பகுதி உள்ளே தள்ளி இருக்கிறது. கென் லியூ மொழிபெயர்த்து 2014இல் வந்த ஆங்கிலப் பதிப்பில், ஆசிரியரின் சம்மதத்தோடு அதை முன்னே கொண்டுவந்தார்கள். தமிழில் படிக்க விரும்புபவர்களுக்கு வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த 'ஃபாரன்ஹீட் 451' இருக்கிறது, அதை நான் இரண்டு மொழியிலும் படித்தேன், தமிழில்தான் அதிகம் பயந்தேன்.

ஹியூகோ, நெபுலா வாங்கின புத்தகம்னா பேசாம மேல போட்டுடலாமே?

விருது கொடுப்பவர்களும் நம்மைப் போல ஓட்டுப் போடுகிறவர்கள்தான். ஹியூகோ 1953இல் தொடங்கியது. உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் கட்டிய வாசகர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். நெபுலாவுக்கு ஓட்டுப் போடுவது எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள். வாசகர் கண் ஒன்று, தொழில்காரர் கண் ஒன்று, பல சமயம் ஒரே புத்தகத்தில் போய் நிற்கும், எப்போதும் அப்படியில்லை. 'டூன்' நாவலுக்கு நெபுலா தனியாகக் கிடைத்தது, ஆனால் 1966 ஹியூகோவை ரோஜர் ஜெலாஸ்னியின் நாவலோடு பங்குபோட வேண்டி வந்தது.

ஹியூகோவில் எனக்குப் பிடித்தது அவர்கள் எண்ணும் முறை. ஒருவருக்கு ஒரே ஓட்டு என்று இல்லாமல் 1, 2, 3 என்று வரிசை எழுதித் தரவேண்டும். குறைந்த முதலிடம் வாங்கியதை நீக்கி, அந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி, மறுபடி எண்ணுவார்கள். 'யாருக்கும் விருது இல்லை' என்பதும் வாக்குச்சீட்டில் ஒரு வேட்பாளர். அதை நாமும் வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தேன், யாரும் ஆதரிக்கவில்லை.

எந்தப் பட்டியலைப் பாத்தாலும் டூன் டூன் டூன். அவ்வளவு பெரிய புத்தகமா அது?

பெரிய புத்தகம்தான், ஆனால் முதலிடத்துக்குக் காரணம் அது மட்டும் இல்லை. அமெரிக்காவின் 'லோகஸ்' இதழ் வாசகர்களிடம் எல்லாக் காலத்துக்குமான பட்டியல் கேட்டு 1975, 1987, 1998, 2012 ஆகிய ஆண்டுகளில் ஓட்டெடுத்தது, நாலு முறையும் 'டூன்'தான் மேலே. ஒரு முறை மேலே வந்தால் அடுத்த தலைமுறை பட்டியலைப் பார்த்து அதையே முதலில் படிக்கிறது, முதலில் படித்தது மனதில் ஆழமாக உட்கார்கிறது, மறுபடி ஓட்டு. எங்கள் 'சோலாரிஸ்' கதையும் சின்ன அளவில் இதுதான்.

இவ்வளவுக்கும் இருபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் அந்த நாவலைத் திருப்பி அனுப்பின. கடைசியில் 1965இல் போட்டது கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன ஒரு பதிப்பகம். தரவரிசை தெரிந்தவர்கள் யாரும் அன்று பக்கத்தில் இல்லை போலிருக்கிறது.

அப்போ நம்ம பட்டியல்ல ஏன் எப்பவும் சுஜாதா? வேற ஆளே இல்லையா தமிழ்ல?

அதே காரணம்தான், ஊர் மட்டும் வேறு. 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வாரா வாரம் காத்திருந்து படித்த தலைமுறை எங்கள் குழுவில் பாதி. சர்வாதிகாரி ஆளும் நாட்டில் பேர்கூட அரசாங்கம் சொன்னபடி இரண்டெழுத்தில் இருக்கவேண்டும் என்று படித்த பள்ளிக்கூடப் பையன் அதற்குப் போட்ட ஐந்து நட்சத்திரம் ஆயுளுக்கும் அழியாது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்து, முப்பது வயதில் தமிழில் முதல் அறிவியல் புனைவாக அதைப் படித்த பிள்ளைகள் மூன்றரை, நாலு என்றுதான் போடுகிறார்கள். ஒரு ஆண்டு நாற்பது வயதுக்கு மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்து எண்ணிப் பார்த்தேன். மேலே உள்ளவர்களுக்கு 'என் இனிய இயந்திரா' ஒன்றாம் இடம், கீழே உள்ளவர்களுக்கு ஆறாம் இடம். குழுவில் சொன்னதும் யாருக்கும் பிடிக்கவில்லை, இரண்டு தரப்புக்கும்.

வேறு ஆள் இல்லாமல் இல்லை. கணிதத்தில் கப்ரேகர் மாறிலி எனப்படும் எண்ணைத் தலைப்பாக வைத்த க. சுதாகரின் '6174' எங்கள் பட்டியலில் இருக்கிறது. சிறுகதையில்தான் நம்மவர்கள் அதிகம் எழுதுகிறார்கள். 'அரூ' இணைய இதழ் அறிவியல் சிறுகதைக்கென்றே போட்டி நடத்தியது. நாவல் குறைவு, அதனால் படிக்கப்படுவதும் குறைவு, ஓட்டும் குறைவு. தமிழ் நாவல் ஒன்றைப் படித்தால் குழுவில் இன்னும் மூன்று பேரைப் படிக்கவைத்துவிட்டு வரிசைக்குக் கொண்டுவாருங்கள்.

குழுவோட கடைசிப் பட்டியலை எப்படித்தான் கணக்குப் போடறீங்க?

மூன்றாம் ஆண்டிலிருந்து ஜோடி ஜோடியாக. இரண்டு நாவலை எடுத்துக்கொள்வேன். இரண்டையும் படித்தவர்கள் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளட்டும். அவர்களில் அதிகம் பேர் எதை மேலே வைத்தார்களோ அது அந்த ஆட்டத்தில் ஜெயித்தது. இரண்டையும் படித்தவர்கள் நாலு பேருக்குக் குறைவு என்றால் ஆட்டமே கிடையாது. கடைசியில், ஆடிய ஆட்டங்களில் எத்தனை பங்கு ஜெயித்தது என்பதுதான் தரவரிசை. படிக்காததை வெற்றிடமாக விடுங்கள் என்று கெஞ்சுவது இதனால்தான். முப்பது நாவல் என்றால் 435 ஜோடி, எக்ஸெல் இருக்கிறது, பரவாயில்லை. 'சோலாரிஸ்' இப்போது ஒன்பது பேர் படித்து நாலாம் இடத்தில் இருக்கிறது, அதுதான் அதன் நியாயமான இடம் என்று நான் நம்புகிறேன்.

ஜோடி ஜோடியா பாத்தா சுத்திச் சுத்தி வராதா?

வரும், கெட்டிக்காரக் கேள்வி. மூன்று பேர், மூன்று புத்தகம். ஒருவர் டூன், ராமா (கிளார்க்கின் நாவல், கீழே சொல்கிறேன்), ஜீனோ ('என் இனிய இயந்திரா'தான்) என்று வரிசை தருகிறார். இரண்டாமவர் ராமா, ஜீனோ, டூன். மூன்றாமவர் ஜீனோ, டூன், ராமா. எண்ணிப் பாருங்கள்: டூன் ராமாவை 2–1 ஜெயிக்கிறது, ராமா ஜீனோவை 2–1, ஜீனோ டூனை 2–1. பெரியவர் யார்? யாரும் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கொந்தார்சே என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். 1951இல் கென்னத் ஆரோ, மூன்றோ அதற்கு மேலோ போட்டியாளர்கள் இருந்தால், நியாயம் என்று நாம் நினைக்கும் சில எளிய நிபந்தனைகள் அத்தனையையும் நிறைவேற்றும் வரிசைமுறை எதுவுமே இருக்க முடியாது என்று கணக்காகவே நிரூபித்துவிட்டார். ஆகவே 'உங்க கணக்கு தப்பு' என்று எனக்குச் செய்தி அனுப்புபவர்கள் ஆரோவிடம் பேசிவிட்டு வரவும். இப்படிச் சுற்றி வந்தால் மூன்றையும் ஒரே இடத்தில் போடுகிறோம்.

(ராமா என்றது ஆர்தர் கிளார்க்கின் 'ரான்டெவூ வித் ராமா', 1973. கிரேக்க, ரோமானியக் கடவுள்களின் பெயர்கள் தீர்ந்துபோய் வானியலாளர்கள் இந்துக் கடவுள்களுக்கு வந்துவிட்டதால் அந்தப் பெயர். கிளார்க் கொழும்பில் வாழ்ந்தவர். விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் இன்னொரு நாவலில், சிவனொளிபாத மலையை மாதிரியாக வைத்து ஒரு மலையை உருவாக்கி, லிஃப்டுக்குப் பூமத்திய ரேகை வேண்டும் என்பதற்காக இலங்கையையே தெற்கே நகர்த்திவிட்டார். சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்திருந்தால் கொஞ்சம்தான் நகர்த்த வேண்டியிருந்திருக்கும்.)

ஒருத்தர் வேணும்னே நமக்குப் பிடிச்சதைக் கடைசியில போட்டா?

நடந்திருக்கிறது. ஒரு பெரியவர் தன் செல்லப் புத்தகம் ஜெயிக்கவேண்டும் என்று அதற்குப் போட்டியான நாவலை வரிசையில் கடைசிக்குத் தள்ளினார், ஆனால் நட்சத்திரப் பட்டியலில் அதற்கு நாலு போட்டதை மறந்துவிட்டார். இரண்டையும் ஏன் கேட்கிறேன் என்பதற்கு இது இன்னொரு காரணம். இடத்துக்கு ஏற்ப புள்ளி கொடுத்துக் கூட்டும் முறையில் இந்தத் தில்லுமுல்லு நன்றாகப் பலிக்கும். அந்த முறையைச் சொன்ன போர்தாவே, இது நேர்மையான ஆட்களுக்கு மட்டும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ஜோடிக் கணக்கில் அவ்வளவாகப் பலிக்காது, ஒருவரால் ஒரு ஆட்டத்தில் ஒரு ஓட்டைத்தான் கெடுக்க முடியும். பெரியவரிடம் தனியாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

பழைய நாவல் இப்போ காமெடியா இருக்கு, செல்ஃபோனே இல்ல. மார்க் குறைக்கலாமா?

வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' 1984இல் வந்தது, இணைய வெளியை அப்படிக் கற்பனை செய்தவர் கதையில் செல்பேசி இல்லை, கட்டணத் தொலைபேசிகள் வரிசையாக மணியடிக்கும் காட்சிதான் இருக்கிறது. எனக்கு அது புத்தகத்திலேயே நல்ல காட்சிகளில் ஒன்று. ஜோசியம் பலித்ததா என்று பார்த்து மதிப்பெண் போடுவது பஞ்சாங்கத்துக்குச் சரி. நாவல் தன் காலத்துப் பயத்தை ஒழுங்காகச் சொன்னதா என்று பாருங்கள்.

ஆனால் பெண் கதாபாத்திரங்கள் காப்பி கொண்டுவந்து வைப்பதற்கு மட்டும் வருகிறார்கள் என்று ஒரு தங்கை 1950களின் ஒரு நாவலுக்கு இரண்டு போட்டார். அது காலத்தின் குறை என்று ஒருவர் வாதாடினார். அதே காலத்தில் நன்றாக எழுதியவர்களும் இருந்தார்களே, குறைப்பது உங்கள் உரிமை என்பது என் கட்சி.

எழுதினவர் ஆளு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்.

உங்கள் நட்சத்திரம், உங்கள் மனசாட்சி. குழுவில் இதற்கு விதி கிடையாது.

போன வருஷம் அஞ்சு போட்டேன், இப்போ மூணுதான் தோணுது. மாத்தினா அசிங்கமா?

மாற்றுங்கள், ஆனால் பழையதை அழிக்காதீர்கள், பக்கத்தில் ஆண்டு போட்டு வையுங்கள். என் சொந்த ஏட்டில் ஒரு நாவல் இருபத்து மூன்று வயதில் ஐந்து, முப்பத்தைந்தில் இரண்டு, போன ஆண்டு நாலு. நடுவில் அந்த இரண்டைப் போட்டபோது எனக்கு வேலை போயிருந்தது. புத்தகத்தின் மேல் பழி.

புத்தகமெல்லாம் காசு. எங்க போய்ப் படிக்கிறது?

நூலகம் இருக்கும்போது காசு எதற்கு. தேசிய நூலக வாரியத்தின் கிளைகளில் 21 நாளுக்கு இரவல் தருகிறார்கள். வேண்டிய கிளைக்கே வரவழைக்க முன்பதிவு செய்யலாம். மின்னூல் என்றால் லிபி செயலி. தமிழ் நாவலுக்கு விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்தின் தமிழ்ப் பிரிவை முதலில் பாருங்கள், அப்புறம் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம். அதுவும் இல்லையென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவரிடம் சொல்லி வையுங்கள், பெட்டியின் எடைக்கு உட்பட்டு. ஒரே பிரதியை ஆறு பேர் சுற்றில் விட்டால் ஜோடி ஆட்டத்துக்கு ஆறு ஓட்டு.

முதல் இடத்துல வந்த புத்தகம் எனக்குச் சுத்தமா பிடிக்கல. நான்தான் தப்பா படிச்சிட்டேனா?

இல்லை. அது ஜோடி ஆட்டங்களில் பெரும்பான்மை வாங்கியது, அவ்வளவுதான். உங்களோடு யாருடைய வரிசை ஒத்துப்போகிறது என்று பாருங்கள், கேட்டால் நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். எனக்கு ஈசூனில் இருக்கும் ஒரு அக்காவோடு பத்துக்கு எட்டு ஒத்துப்போகும், அவர் ஐந்து போட்டதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். பொதுப் பட்டியலை நான் அதிகம் பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறவனே இப்படிச் சொல்லக்கூடாதுதான்.

சரி லா, எப்ப, எப்படி அனுப்பணும்?

நவம்பர் இரண்டாம் ஞாயிறு இரவுக்குள், வாட்ஸ்அப்பில், எழுத்தாக. குரல் பதிவு வேண்டாம், போன முறை பதினாறு நிமிடப் பதிவு ஒன்று வந்தது. புத்தகத்தின் பெயர், படித்த மொழி, நட்சத்திரம், வரிசை எண், ஒரே ஒரு வரி ஏன் என்று. தாமதமாக அனுப்புபவர் சந்திப்பு முடிந்து கீழே காப்பிக்கடையில் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கித் தரவேண்டும். போன ஆண்டு என் பட்டியலே இரண்டு நாள் தாமதம், பத்தொன்பது குவளை.